முச்சக்கர வண்டியும் கராஜ் செலவும்: பிரேக்கிலிருந்து தொடங்குவோம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலைநாட்டில் வீடுகளையும் மரக்கறித் தோட்டங்களையும் கொண்டுபோயின. இருப்பது ஓரிடம், எஞ்சிய காணி வேறிடம் என்றாகிவிட்ட குடும்பங்கள் உடப்புசல்லாவைப் பக்கத்திலும் உண்டு. காணிக்குப் போய்வரவும், லீக்ஸ், கரட் மூட்டையைச் சந்திக்குக் கொண்டுவரவும், மிச்ச நேரத்தில் ஹயருக்கு ஓடவும் ஒரு முச்சக்கர வண்டிதான் பலருக்குக் கைகொடுக்கிறது. அதற்கு மாதாமாதம் லீசிங் பணமும் கட்ட வேண்டும். வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். ஆகவே கராஜுக்குக் கொடுக்கும் பணத்தை எதற்கு முதலில் கொடுப்பது என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆதலால் நம் வீதிகளில் ஓடுபவற்றில் பல பழைய வண்டிகள். பழைய வண்டி கெட்டதல்ல. கவனிக்கப்படாத வண்டிதான் கெட்டது.

ஆனால் வண்டி வாங்கிய சூட்டில் நாம் முதலில் வாங்குவது என்ன? ஸ்பீக்கர், வண்ண விளக்கு, ஸ்டிக்கர். இளைஞருக்குப் பாட்டு வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. எனினும் ஃபியூஸ் இல்லாமல் வயரை வெட்டி ஒட்டிய விளக்குகள் பற்றரியை உறிஞ்சும். வயர் உரசினால் தீயும் பிடிக்கும். கந்தப்பளை மூடுபனிக்குத் தாழ்வாகப் பூட்டிய ஒரு நல்ல விளக்கும், பக்கத்து மழைத்திரையும் பயனுள்ளவை. கூரைமேல் கரியர் பூட்டி மூட்டை ஏற்றுவதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. முன்னே ஒரே சில்லு உள்ள வண்டி அது. பாரம் மேலே ஏற ஏற, வளைவில் சாய்வது இலகுவாகும்.

இனி பிரேக். "பிரேக் ஒயில்" என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. அது ஒயில் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். 'டொட் 3' என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. ராகலையிலிருந்து வலப்பனைப் பக்கம் நீண்ட இறக்கத்தில் மிதியை மிதித்தபடியே இறங்கினால் ட்ரம் சூடேறும். அந்தச் சூடு திரவத்துக்கும் போகும். திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அப்போது மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி இறக்கத்தில் ஒரு பேருந்து வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். நம் இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தத் திரவத்தை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்ற வேண்டும். "ஒயில் ஒயில்தானே" என்று எஞ்சின் ஒயிலை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். குப்பியில் மட்டம் குறைந்தால் நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம், எங்கேயோ கசியலாம். சில்லின் உட்புறம் ஈரமா என்று குனிந்து பாருங்கள். காலையில் புறப்படுமுன் மிதியை மிதித்துப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அன்று ஹயர் வேண்டாம், கராஜுக்குப் போங்கள்.

பெற்றோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மிச்சமாவது கொஞ்சம், போவது எஞ்சினின் பிடி. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள்.

எமது திட்ட வண்டிக்கு ஒருமுறை ஒரு கராஜில் ஒரு பக்கத்துப் பிரேக் ஷூவை மட்டும் மாற்றினார்கள். அதன்பின் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பாதித் தவறு எம்முடையது: "செலவைக் குறைத்துச் செய்யுங்கள்" என்று சொன்னவர்கள் நாமே. ஊர்க் கராஜ்காரர் நம் வீதிகளை அறிந்தவர். அவசரத்துக்கு இரவிலும் வருவார். அவரிடம் பேரம் பேசலாம், ஆனால் பிரேக்கில் பேசக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள், புதியதன் பெட்டியையும் பில்லையும் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

வெள்ளத்திலோ சேற்றிலோ மூழ்கிய வண்டி என்றால் முதலில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அதை வடித்து மாற்றி, ட்ரம்களைத் திறந்து சேற்றைக் கழுவிய பின்னரே ஓட்ட வேண்டும்.

ஒரு அப்பியாசக் கொப்பியை வண்டியிலேயே வையுங்கள். எஞ்சின் ஒயில், பிரேக் ஒயில், ஷூ, டயர் எதை மாற்றினாலும் திகதியும் மீற்றர் எண்ணும் விலையும் எழுதுங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வண்டி வைத்திருப்போர் அதைக் கொண்டு வாருங்கள். கடைசியாகப் பிரேக் ஒயில் மாற்றிய திகதியை ஒவ்வொருவரும் வாசிப்போம். திகதி தெரியாதவர் கூட்டம் முடிந்ததும் கராஜுக்குப் போகட்டும்.