படகின் இடுக்கும் அதற்கேற்ற அடைப்பும்

1-12-2015 அன்று பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. வெள்ளத்தில் அகப்பட்டோரை மீட்கக் கடலோர மீனவர்களின் படகுகள் நகரத் தெருக்களுக்கு வந்தன. ஆபத்துக் காலத்தில் படகு கிடைத்தால் மட்டும் போதாது. அது ஒழுகாமலும் இருத்தல் வேண்டும். ஏரிகள் சூழ்ந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அங்கத்தினர்கள் இப்பாடத்தை அறிந்திருப்பது நலம்.

மரப்படகு: பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்துச் செலுத்தி, குங்கிலியத் தூளை எண்ணெயிற் காய்ச்சி மேலே பூசுவது நம் நாட்டுப் பழைய முறை. இதனைக் கலப்பத்து என்பர். நனைந்த பருத்தி உப்பும், அழுத்தினால் ஒடுங்கும் என்பதை நெசவாளர் நன்கறிவர். பலகையும் நீரில் ஊறிப் பருக்கும். அப்போது பஞ்சு இடங்கொடுத்து இடுக்கை இறுக்கமாக மூடும். பஞ்சுக்குப் பதிலாகச் சிமெண்டையோ, கல்லாய் இறுகும் எபாக்சியையோ திணித்தால், பருத்த பலகைக்கு இடமின்றி ஆணிகள் நெகிழும், சட்டமும் பிளக்கும்.

கண்ணாடியிழைப் படகு: இது மரத்தைப்போல் ஊறிப் பருப்பதன்று. ஆகையால் வெடிப்பின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, நன்கு உலர்த்தி, கண்ணாடியிழைப் பாயைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டவேண்டும். பாலியெஸ்டர் பிசினைக் கெட்டிப்படுத்தும் திரவத்தையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலத்தலாகாது, தீப்பற்றி வெடிக்கக்கூடும். ஒன்றைப் பிசினில் நன்கு கலக்கிய பின்னரே மற்றதைச் சேர்க்கவேண்டும்.

உறுப்புகள் பொருந்துமிடம்: திருகும் பட்டையும் அமையும் துளைகளுக்குப் பாலியூரிதேன் பசை ஏற்றது. அது ரப்பரைப்போல் நெகிழும். நீர்மட்டத்தின் கீழும் நிலைக்கும். ஆனால் பற்று மிகுதியாதலின், பின்னர்க் கழற்றவேண்டிய உறுப்புக்கு உதவாது. மலிவென்று குளியலறைச் சிலிக்கோனைப் பூசுவோர் உளர். அதன்மேல் வண்ணம் பற்றாது. சுரண்டி எடுத்த பின்னும் எஞ்சும் மெல்லிய படலம் வேறு பசையை ஒட்டவிடாது.

எப்பசையாயினும் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய பூச்சும் நீங்கிய பரப்பிலேயே பிடிக்கும். குழாயின் மேலுள்ள காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குக. கசியும் இடம் தெரியாவிடில், படகைக் கரையேற்றி உள்ளே சிறிது நீர் ஊற்றுக. வெளியே துளிக்கும் இடமே பழுது.

கோடையிலேயே இப்பணியை முடித்துவிட்டால், ஐப்பசி மழை தொடங்குமுன் படகு ஆயத்தமாக இருக்கும். இடுக்கு அசையுமா, அசையாதா என்று முதலிற் பாருங்கள். பசையை அதன் பின் வாங்குங்கள்.