கரையாத மஞ்சள்

மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு நீரில் இட்டதும் கரையத் தொடங்குகிறது. மஞ்சள்தூளோ கலங்கி அடியில் தங்கிவிடுகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நீரில் எளிதில் கரையாது. கரைந்த சிறுபகுதியையும் கல்லீரல் விரைந்து உருமாற்றி வெளியேற்றுகிறது. ஆதலால் உண்டதில் மிகச் சிறிதளவே குருதியை அடைகிறது.

1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்து அளித்தனர். குருதியை அடையும் குர்குமின் ஏறத்தாழ 20 மடங்கு மிகுந்தது. மஞ்சட்பாலில் மிளகு சேர்க்கும் நம் வீட்டு வழக்கம் இங்கு நினைவுக்கு வரும்.

மற்றொரு வழி, குர்குமினை நானோதுகளாக்குவது. கல்லுப்பைவிடப் பொடியுப்பு விரைந்து கரைவதை அறிவீர்கள். துகள் சிறுத்தால் நீர்படும் பரப்பு பெருகும். ஆயினும் உட்கவர்தல் கூடினால் பழைய மருந்தளவு பொருந்தாது. 2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. அவற்றுள் உட்கவர்தலைக் கூட்டிய மாத்திரைகளும் இருந்தன.