ஆண்டு விழாப் பரிசு ஸ்லைடா? காப்பி, பேஸ்ட்டை விடு!

எக்செல் பட்டியலில் இருந்து பெயரைக் காப்பி பண்ணி, பவர்பாயின்ட்டில் ஒட்டி, அடுத்த ஸ்லைடு போட்டு, மறுபடியும் எக்செல்... விழாவுக்கு முந்தின ராத்திரி ஏன்மா இந்தப் பாடு? 150 பேருக்குக் கையால் ஒட்டினால், எங்கேயாவது ஒரு பிள்ளையின் பெயருக்குக் கீழே இன்னொரு பிள்ளையின் பரிசு வந்துவிடும். மேடையில் நிற்கிற குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. அக்கா சொல்கிறபடி செய்.

1. முதலில் பட்டியலைச் சுத்தம் செய். முதல் வரியில் பெயர், வகுப்பு, பரிசு என்ற தலைப்புகள் மட்டும். அதற்கு மேலே பள்ளிப் பெயரைப் பெரிதாகப் போட்டு செல்களை மெர்ஜ் பண்ணாதே. பிறகு இந்தப் பட்டியலை வேர்டில் இணைக்கும்போது, அது அந்த வரியைத்தான் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு இரண்டு பரிசா? இரண்டு வரியாகப் போடு. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று முடிவு செய்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி வை.

2. பட்டியலில் இருந்து பெயர்களைத் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் பவர்பாயின்ட்டில் கிடையாது, தேடாதே. வேர்ட் வழியாகப் போ:
• மெயிலிங்ஸில் எக்செல் ஃபைலை இணைத்து, பெயர், வகுப்பு, பரிசு ஃபீல்டுகளைத் தனித்தனி வரியில் வை.
• பெயர் வரிக்கு ஹெட்டிங் 1, மற்றவற்றுக்கு ஹெட்டிங் 2 ஸ்டைல் கொடு. இதை மறந்தால் மொத்தமும் பாழ்! ஹெட்டிங் 1 ஒவ்வொன்றும் ஒரு புது ஸ்லைடின் தலைப்பாகும். ஹெட்டிங் 2 அதன் கீழே வரும்.
• ஃபினிஷ் அண்ட் மெர்ஜ் கொடுத்து, வருகிற புது ஃபைலை சேவ் செய்து மூடு.
• பவர்பாயின்ட்டில் நியூ ஸ்லைடு, அதில் ஸ்லைட்ஸ் ஃப்ரம் அவுட்லைன். அந்த ஃபைலைக் காட்டு, எல்லா ஸ்லைடும் வந்து நிற்கும்.
• எழுத்தும் நிறமும் டிசைனுக்கு ஒட்டாமல் இருந்தால், எல்லா ஸ்லைடையும் செலக்ட் செய்து ரீசெட் கொடு.
படம் இந்த வழியில் வராது. போட்டோவைக் கையால்தான் வைக்க வேண்டும். முதல் பரிசுக்காரர்களுக்கு மட்டும் வை, போதும்.

3. பட்டியலில் சதவீதமோ தேதியோ சேர்த்தால் கவனி. எக்செல்லில் 92.5% என்று தெரிவது வேர்டில் 0.925 என்று வரும். தேதியில் மாதம் முன்னால் வந்து நிற்கும். பக்கத்துக் கட்டத்தில் டெக்ஸ்ட் ஃபார்முலா போட்டு, வேண்டிய வடிவத்தில் மாற்றி, அதை மெர்ஜ் செய்.

4. தமிழ்ப் பெயர்களை பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்து வைத்திருக்கிறாயா? ஃபான்ட் மாறியதும் பெயர் போய் ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடு.

5. தேர்ச்சி விகித சார்ட் சேர்க்கிறாய் என்றால் ஜாக்கிரதை. எம்பெட் செய்து ஒட்டினால் முழு எக்செல் ஃபைலும் ஸ்லைடுக்குள் போய்விடும். அந்தப் பிரசன்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெற்றோர் போன் நம்பர் இருக்கிற ஷீட்டும் கூடவே போகும்! படமாகவே ஒட்டு.

6. பிழை கண்ணில் பட்டால் ஸ்லைடில் மட்டும் திருத்தாதே. எக்செல்லில் திருத்தி மறுபடி மெர்ஜ் செய். சான்றிதழும் அதே பட்டியலில் இருந்துதானே அச்சாகப் போகிறது?

மெர்ஜ் செய்வதற்கு முன் பட்டியலைப் பிரின்ட் எடுத்து வகுப்பாசிரியர்களிடம் கொடு. பெயரில் ணகரமா னகரமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கையெழுத்து வாங்காமல் மெர்ஜ் பட்டனில் கை வைக்காதே.