மேடு ஏறினால் ஏசி ஏன் திசை மாறுகிறது?

கேள்வி: 1999 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்அப் வைத்திருக்கிறேன். சமதளத்தில் ஏசி காற்று முகத்துக்கு வருகிறது. மேடு ஏறினால் முன்கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது. கன்ட்ரோல் பேனலையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? - ஒரு வாசகர், டெக்ஸாஸ்

பர்ஸை உள்ளே வையுங்கள். உங்கள் வண்டியில் காற்றைத் திருப்பும் கதவுகளை இழுப்பது இன்ஜினிலிருந்து வரும் வேக்குவம். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் அது குறையும். குழாய்களில் கசிவு இல்லாவிட்டால், சேமிப்பு டப்பாவில் இருக்கும் வேக்குவம் அந்த நேரத்தைச் சமாளித்துவிடும். கசிந்தால் கதவு தானாக முன்கண்ணாடிப் பக்கம் திரும்பும். பழுதானாலும் டிரைவருக்குப் பாதை மங்கக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பானெட்டைத் திறங்கள். ஃபயர்வாலுக்குள் நுழையும் மெல்லிய பிளாஸ்டிக் வேக்குவம் குழாயை விரலால் தடவிக்கொண்டே போங்கள், குறிப்பாக பேட்டரிக்கு அருகில். இத்தனை வருடச் சூட்டில் எங்காவது அப்பளமாக நொறுங்கியிருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் ரப்பர் வேக்குவம் ஹோஸில் இறுக்கமாகச் செருகுங்கள். டேப் மட்டும் சுற்றாதீர்கள். சூட்டில் பசை இளகிவிடும்.

குழாய் சரியாக இருந்தால், வழியிலுள்ள செக் வால்வைக் கழற்றி இரு பக்கமும் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இரு பக்கமும் போனால் வால்வை மாற்றுங்கள், சில டாலர்தான். இதையெல்லாம் பார்க்காமல் பேனலுக்குக் கை நீட்டும் மெக்கானிக்கை வேண்டுமானால் மாற்றலாம்.