பக்கவாதம்: மாத்திரைக்கு முன்னே ஸ்கேன்!

ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணுது, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுது. உடனே வீட்டில், "பிரஷர் மாத்திரை ஒண்ணு குடு" என்பார்கள். குடுக்கவே கூடாது!

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

2024-இல் சீனாவில் 2,404 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. ஆம்புலன்ஸிலேயே ரத்த அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். கசிவுக்காரர்களுக்கு நன்மை, அடைப்புக்காரர்களுக்குக் கெடுதல்! அடைப்பு உள்ளபோது அந்த அழுத்தம்தான் பக்கத்துக் குழாய்கள் வழியாக ரத்தத்தைத் தள்ளிக்கொடுக்குது.

கசிவு என்றால் முன்பெல்லாம் கையை விரிப்பார்கள். 2023-இல் வந்த 'இன்டராக்ட்-3' ஆய்வில் இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,000 பேருக்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே இறக்குவது, சர்க்கரை, காய்ச்சலை அடக்குவது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அதை முறிப்பது. நாலையும் சேர்த்துச் செய்ததில் இறப்பும் முடக்கமும் குறைந்தன. புது மருந்து ஒண்ணும் இல்லை, பாருங்க!

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடணும். அதனால் "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்பார். 108-க்கு போன் பண்ணும்போதே கடிகாரத்தையும் பார்த்து வச்சுக்கோங்க.