மிஞ்சிய மருந்தும் கழிமுகத்து உயிரினங்களும்

மூத்த வயதில் மருந்து அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. காலையில் நீரிழிவு மாத்திரை, இரவில் கொழுப்பு மாத்திரை, முழங்கால் வலிக்கு ஒரு களிம்பு என்று பல வீடுகளில் மருந்துகளுக்கென்றே ஒரு பிஸ்கட் டின் இருக்கும். இடையில் மருத்துவர் மருந்தை மாற்றியிருப்பார் அல்லது அளவைக் குறைத்திருப்பார். சில நாள்கள் நாமே சாப்பிட மறந்திருப்போம். இப்படி மிஞ்சியவை டின்னின் அடியில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையிலும் இருமல் மருந்தைச் சமையலறைத் தொட்டியிலும் கொட்டிவிடுவோம்.

கொட்டிய மருந்து எங்கே போகிறது? ஆற்றிலும் கடலோரத்திலும் வாழும் உயிரினங்களை அது என்ன செய்கிறது? வீட்டில் மிஞ்சிய மருந்தை என்ன செய்யலாம்? இவற்றை இந்தப் பாடம் விளக்குகிறது.

வீட்டிலிருந்து ஆற்றுக்கு

மருந்து இரண்டு வழிகளில் தண்ணீரில் சேர்கிறது.

முதலாவது, நம் உடலின் வழியாக. நாம் விழுங்கும் மருந்து முழுவதும் உடலில் கரைந்து மறைந்துவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் உடலில் சிதைவதே இல்லை. அது தன் வேலையைச் செய்துவிட்டு, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. வலிக்குப் பூசும் டைக்ளோஃபெனாக் களிம்பில் ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே இரத்தத்தில் கலக்கிறது. மீதியில் பெரும்பகுதி குளிக்கும்போதும் கை கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் தண்ணீரோடு போய்விடுகிறது.

இரண்டாவது, நாம் வீசுவதன் வழியாக. கழிவறையில் கொட்டும் மாத்திரை கழிவுநீர்க் குழாயில் போகிறது. குப்பையில் போடும் மாத்திரை குப்பைமேட்டில் மழைநீரில் ஊறிக் கசிய வாய்ப்புண்டு. பழைய வீடுகள் பலவற்றில் சமையலறைத் தண்ணீர் நேராக வாசல் கால்வாய்க்குப் போகிறது. அங்கே கொட்டும் மருந்து எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றைச் சென்றடையும்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மலக்கழிவையும் அழுக்கையும் கிருமிகளையும் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மருந்துகளை வடிகட்டுவதற்காக அவை அமைக்கப்படவில்லை. காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாராசிட்டமோல் போன்றவை அங்கே பெரும்பாலும் சிதைந்துவிடுகின்றன. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் கார்பமசெப்பின் போன்றவை பெரும்பாலும் சிதையாமல் வெளியே வந்துவிடுகின்றன.

104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரைச் சோதித்த ஓர் ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளியானது. சோதித்த இடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில், குறைந்தது ஒரு மருந்தாவது நீர்வாழ் உயிரினங்களுக்குப் பாதுகாப்பானது எனக் கருதப்படும் அளவைத் தாண்டியிருந்தது.

கழிமுகம் ஏன் முக்கியம்?

ஆறு கடலோடு கலக்கும் இடம் கழிமுகம். கோல சிலாங்கூர், கோல செப்பெத்தாங் போன்ற ஊர்ப் பெயர்களில் வரும் 'கோல' இதைத்தான் குறிக்கிறது. கிள்ளான் ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, கோலாலம்பூர் நகரின் நடுவே ஓடி, கிள்ளான் துறைமுகத்தின் அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. வழியிலுள்ள நகரங்களின் கழிவுநீரில் பெரும்பங்கு கடைசியில் இந்தக் கழிமுகத்துக்குத்தான் வந்து சேர்கிறது. இங்குள்ள நீரில் டைக்ளோஃபெனாக் உள்ளிட்ட மருந்துகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

கழிமுகத்தில் ஆற்றின் வேகம் குறைகிறது. ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றுநீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதனால் மேலிருந்து வந்தவை உடனே கடலுக்குள் போய்விடாமல் சேற்றிலும் நீரிலும் தங்குகின்றன. அதே சேற்றில்தான் கெராங் வளர்கிறது. பாக்காவ் மரங்களின் வேர்களுக்கிடையில் இறால் குஞ்சுகளும் நண்டுகளும் கொடுவா மீன் குஞ்சுகளும் ஒளிந்து வளர்கின்றன. கொக்கும் நாரையும் இவற்றைத் தின்று வாழ்கின்றன. மீனவக் குடும்பங்களின் வருமானமும் இங்கிருந்துதான் வருகிறது.

உயிரினங்களுக்கு என்ன நேர்கிறது?

மிகச் சிறிய அளவிலேயே உடலில் வேலை செய்யும்படி உருவாக்கப்பட்டது மருந்து. நம் உடலில் அது எந்தச் சுரப்பியை, எந்த நரம்பை இயக்குகிறதோ, அவற்றைப் போன்றவை மீனுக்கும் உண்டு. மீனுக்கு மருத்துவரும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. அது நாள் முழுவதும் அந்த நீரிலேயே மூச்சு விடுகிறது.

மீன்கள்: அமெரிக்காவின் தென் ஃபுளோரிடா கடலோரத்தில் பிடித்துச் சோதிக்கப்பட்ட 93 போன்ஃபிஷ் மீன்களில், ஒரு மீனுக்குச் சராசரியாக 7 மருந்துகள் இருந்தன. ஒரே மீனில் 17 மருந்துகள் இருந்ததும் உண்டு. அவற்றுள் இரத்த அழுத்த மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள், வலி மருந்துகள், கிருமிக்கொல்லி மருந்துகள் எனப் பலவும் அடங்கும்.

சிப்பிகள்: பால்டிக் கடலின் சிப்பிகள் நம் ஊர் கூப்பாங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகிய வலி மருந்துகளும் புரோப்ரனோலோல் என்ற இதய மருந்தும் கலந்த நீரில் அவற்றை வைத்துச் சோதித்தார்கள். பாறையைப் பற்றிக்கொள்ள அவை விடும் நார்கள் பலவீனமாயின. வளர்ச்சிக்கான சக்தியும் குறைந்தது. அலையடிக்கும் இடத்தில் பிடி தளர்ந்த சிப்பி பிழைப்பது கடினம். இந்தச் சோதனையில் பயன்படுத்திய அளவுகளில் பல, கடலில் சாதாரணமாகக் காணப்படுவதைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இறால் வகைகள்: இங்கிலாந்துக் கடலோரத்தில் வாழும், இறாலைப் போன்ற ஒரு சிறு உயிரினம் வெளிச்சத்துக்கு வராமல் இருட்டில் பதுங்கி வாழும் இயல்புடையது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் ஃபுளுவோக்செட்டின் கலந்த நீரில் இருந்தபோது, அது வெளிச்சத்தை நோக்கி நீந்துவது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடியதாக 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. வெளிச்சத்துக்கு வந்தால் பறவைக்கும் மீனுக்கும் இரையாக வேண்டியதுதான்.

இனப்பெருக்கம்: கனடாவில் ஓர் ஏரியை ஆய்வுக்கென்றே ஒதுக்கி, 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனைச் சேர்த்தார்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் 5 அல்லது 6 பங்கு என்ற அளவுதான். அதற்கே ஆண் மீன்களின் உடலில், முட்டையிடும் பெண் மீன்களுக்குரிய புரதம் உருவானது. அந்த ஏரியின் சிறு மீன் இனம் ஒன்று ஏறக்குறைய அழியும் நிலைக்குச் சென்றது. ஹார்மோன் சேர்ப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்த மீன்கள் மீண்டும் பெருகின. தண்ணீருக்குள் போவது குறைந்தால் உயிரினங்கள் மீண்டு வர முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

கிருமிகள்: கிருமிக்கொல்லி மருந்து சிறிது சிறிதாகக் கலந்துகொண்டே இருக்கும் நீரில், அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. பிறகு அத்தகைய கிருமிகளால் மனிதருக்கு நோய் வந்தால் குணப்படுத்துவது சிரமமாகிறது.

அப்படியானால் மருந்தை நிறுத்த வேண்டுமா?

கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ வேண்டாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. உடலின் வழியாக வெளியேறுவதை உங்களால் தடுக்க முடியாது. அதற்காக நீங்கள் வருந்த வேண்டியதும் இல்லை. உங்கள் கையில் இருப்பது, சாப்பிடாமல் மிஞ்சியதை என்ன செய்கிறீர்கள் என்பதுதான்.

மீன் சாப்பிடவும் அஞ்ச வேண்டியதில்லை. மீனிலும் கெராங்கிலும் காணப்படும் மருந்தின் அளவு, நாம் விழுங்கும் ஒரு மாத்திரையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. கெராங்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். அது கிருமிகளிலிருந்து உங்களைக் காக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. திருப்பிக் கொடுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் சுகாதாரக் கிளினிக்குகளிலும் உள்ள மருந்தகங்களில் மிஞ்சிய மருந்துகளைத் திரும்ப ஒப்படைக்கலாம். காலாவதியான மருந்துகள் முறைப்படி உயர்வெப்ப உலையில் எரிக்கப்படுகின்றன. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போதே எடுத்துச் செல்லுங்கள். நடமாட முடியாதவர்கள் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ கொடுத்தனுப்பலாம்.

2. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் கொண்டு வாருங்கள். தண்ணீர் மருந்தை அதன் போத்தலிலேயே இறுக மூடிக் கொண்டு வாருங்கள். இன்சுலின் ஊசி முனைகளைக் கெட்டியான, மூடியுள்ள போத்தலில் போட்டு வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

3. கழிவறையிலும் தொட்டியிலும் கால்வாயிலும் மருந்தைக் கொட்டாதீர்கள்.

4. வீட்டில் எத்தனை மாத்திரைகள் மீதம் இருக்கின்றன என்பதை மருந்தாளரிடம் சொல்லுங்கள். தேவையான அளவு மட்டும் அவர் கொடுப்பார்.

5. வலிக் களிம்பு பூசிய பிறகு, கையை முதலில் டிஷ்யூ தாளால் துடைத்து, அந்தத் தாளைக் குப்பையில் போடுங்கள். அதன்பின் கை கழுவுங்கள். பூசிய உடனே குளிக்க வேண்டாம். வலி கை விரல்களிலேயே இருந்தால், பூசியதைத் துடைக்காமல் விட்டுவிடுங்கள்.

6. மிஞ்சிய மருந்தை அண்டை வீட்டாருக்கோ உறவினருக்கோ கொடுக்காதீர்கள். உங்களுக்குக் குணமளித்த மருந்து அவர்களுக்குக் கேடாகலாம்.

7. கிருமிக்கொல்லி மருந்தை மருத்துவர் சொன்ன நாள்கள் வரை சாப்பிடுங்கள். பிறகு தேவைப்படும் என்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

மிஞ்சியதைக் காட்டத் தயங்க வேண்டாம்

மிஞ்சிய மருந்தைக் கொண்டுபோனால் திட்டுவார்களோ என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த மாத்திரைகள் உங்களைப் பற்றி மருத்துவருக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கின்றன. தலைசுற்றல் வந்ததால் விட்டிருக்கலாம். வயிறு எரிந்ததால் விட்டிருக்கலாம். எழுத்து சிறியதாக இருந்ததால் எப்போது சாப்பிடுவது என்று புரியாமல் இருந்திருக்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால், மருந்து போதவில்லை என்று எண்ணி மருத்துவர் அளவைக் கூட்டிவிடக் கூடும். சொல்லிவிட்டால், உங்களுக்கு ஒத்துப்போகும் வேறு மருந்தைக் கொடுக்கவோ, வேளையை மாற்றவோ முடியும். அதன்பின் வீட்டில் மருந்து மிஞ்சுவதும் குறையும்.

இந்த வாரமே உங்கள் மருந்து டின்னைத் திறந்து பாருங்கள். இப்போது சாப்பிடும் மருந்துகளைத் தனியாக எடுத்து வையுங்கள். காலாவதியானவற்றையும், மருத்துவர் நிறுத்தச் சொன்னவற்றையும் ஒரு பையில் போட்டு, உங்கள் அடுத்த சந்திப்பு அட்டையோடு சேர்த்து வையுங்கள். எதைச் சாப்பிடுவது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதில் ஐயம் இருந்தால், டின்னை அப்படியே கொண்டு வந்து மருந்தாளரிடம் கேளுங்கள்.