அப்பா பிடித்த மீன்



உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பழவேற்காட்டிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்த அப்பாவைச் செப்டம்பர் கடைசியில் கால்வெஸ்டனுக்கு அழைத்துப் போய், படகு அமர்த்தி, கற்சுவரின் முனையில் தூண்டில் போட வைத்திருக்கிறீர்கள். இருபது நிமிடம் நரம்பை விட்டும் இழுத்தும் அவர் கொண்டுவந்த ரெட்ஃபிஷ் 38 அங்குலம். கேப்டன் அதை அளந்தார், ஒரு படம் எடுத்தார், திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார். வீடு வந்து சேரும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. "காசும் கொடுத்து மீனையும் பறிகொடுத்தோமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அந்த மீனை விட்டது சரிதான். விட்ட விதத்தில்தான் பிழை. முதலில் மீனையும் அது வரும் இடத்தையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தூண்டில் போட்ட கற்சுவரை அங்கே ஜெட்டி என்பார்கள். ஜெட்டி என்றதும் நம் ஊரில் படகுத்துறைதான் நினைவுக்கு வரும். டெக்சஸில் அது கடலுக்குள் நீளும் கற்சுவர். நம் கரையில் தூண்டில் வளைவு என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. கால்வெஸ்டன் தீவுக்கும் பொலிவர் தீபகற்பத்துக்கும் நடுவே, விரிகுடாவின் வாயில், இப்படி இரண்டு சுவர்கள். தெற்குச் சுவர் ஏறக்குறைய 11 கிலோமீட்டர், வடக்குச் சுவர் 8 கிலோமீட்டர். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கப்பல்கள் நுழைய முடியாமல் போனதால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. முகத்துவாரம் மணலால் அடைபடுவது என்றால் என்னவென்று பழவேற்காட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கப்பலுக்காகப் போட்ட கல் மீனுக்கு வீடாகிவிட்டது. உள்ளே கிடக்கும் விரிகுடா பரந்தது, ஆனால் ஆழம் சராசரியாக இரண்டு மீட்டர்தான். அதன் நீரில் பெரும்பகுதி இந்த ஒரு வாய் வழியாகத்தான் போய் வருகிறது. வற்றத்தோடு நண்டும் இறாலும் மடவையும் வெளியே அடித்து வரப்படும். நீவாடு, அதாவது நீரோட்டம், கல்லில் மோதிச் சுழலும் இடத்தில் பெரிய மீன் காத்து நிற்கும். கேப்டன்கள் அந்தச் சுழல்களைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சாதாரண நங்கூரம் கல்லிடுக்கில் மாட்டினால் வராது. ஆகவே கட்டடக் கம்பியை வளைத்துச் செய்த நங்கூரம் போடுவார்கள், வலித்து இழுத்தால் கம்பி நிமிர்ந்து கல்லை விட்டுவிடும். கப்பல் கடந்துபோன சற்று நேரத்தில் அதன் அலை சுவரில் வந்து அறையும். பாசி பிடித்த கல் மீது நடந்து போய்த் தூண்டில் போடுகிறவர்களும் உண்டு. அப்பாவோடு அப்படிப் போகாமல் கடலோரக் காவல் படையின் உரிமம் பெற்ற ஒருவரின் படகில் போனீர்களே, அது நல்ல முடிவு.

ஆனால் உங்கள் மீன் இரை தேடி மட்டும் அங்கே வரவில்லை. ஆகஸ்டு நடுவிலிருந்து இலையுதிர்காலம் வரை பெரிய ரெட்ஃபிஷ்கள் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து இந்த வாய்களுக்கு வருவது முட்டையிடத்தான். ஒரு பெண் மீன் ஒரு தடவையில் லட்சக்கணக்கில் முட்டை விடும். பொரிந்த குஞ்சு ஏற்றத்தோடு உள்ளே போய்ப் புல்லோரத்தில் ஒண்டும். மூன்று நான்கு வருடம் விரிகுடாவிலேயே வளர்ந்து, பருவம் வந்ததும் வெளியே போய்விடும். அதன் பிறகு 30 வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. உள்ளே திரிவது பிள்ளைகள், வாசலுக்கு வருவது தாய் தகப்பன்மார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸின் சட்டம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 20 அங்குலத்திலிருந்து 28 அங்குலம் வரை உள்ள ரெட்ஃபிஷ் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று எடுத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறியது இன்னும் வளர வேண்டியது, பெரியது வம்சம் பெருக்குவது. பெரியதை எடுக்கவே கூடாது என்றும் இல்லை. வருட உரிமத்தோடு வரும் சீட்டைக் கட்டி ஒன்று கொண்டுபோகலாம். ஆனாலும் பல கேப்டன்கள் அதை விடச் சொல்வார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை. 1970களில் செவுள்வலை போட்டு அள்ளியதில் ரெட்ஃபிஷ் கண்கூடாகக் குறைந்தது. தூண்டில்காரர்கள் 1977இல் ஹூஸ்டனில் சங்கம் கட்டினார்கள். 1981இல் கடலில் பிடித்த ரெட்ஃபிஷ்ஷையும் ஸ்பெக்கிள்ட் ட்ரவுட்டையும் விற்கவே கூடாது என்று டெக்சஸ் சட்டம் கொண்டுவந்தது. அதே காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் சமையற்காரர் பால் புருடோம், மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ்ஷை நாடெங்கும் பரப்பிவிட்டார். அந்தத் தடை இல்லையென்றால் டெக்சஸ் மீன் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். கார்பஸ் கிறிஸ்டியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து, விரிகுடாக்களில் குஞ்சு விடுவதும் 1980களில் தொடங்கியது. வலை போட்டுப் பிழைத்த சிறிய மீனவர்களுக்கு அந்தச் சட்டம் பெரிய அடி. மீனவர் வீட்டில் பிறந்த உங்களிடம் அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவுக்கு இதைப் புதிய நியாயமாகச் சொல்ல வேண்டாம். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை உண்டே! எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விடலாம் என்று ஊரே கூடி முறை வைத்துக்கொள்வது. தன் பாடு இல்லாத நாளில் மீன் துள்ளுவதைப் பார்த்தும் கரையில் உட்கார்ந்திருந்தவர்தானே அவர்? இங்கே அந்த முறையை அங்குலக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி கேப்டனின் பிழை. படகு துறையை விட்டுக் கிளம்புமுன்பே, "பெரிய மீன் கிடைத்தால் விட்டுவிடுவோம், வீட்டுக்கு வேண்டியதை உள்ளே பிடித்துக்கொள்ளலாம்" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். பிடித்த மீனை விடுவதே அறியாத ஒரு மனிதர் தன் படகில் இருக்கிறார் என்று அவர் யோசிக்கவில்லை. அதைவிட எனக்கு வலித்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: அப்பா கையிலிருந்து மீனை வாங்கிக் கேப்டன் தானே விட்டார் என்பது. களைத்த மீனைத் தலை நீவாட்டைப் பார்க்கப் பிடித்து, செவுளில் தண்ணீர் ஓட விட்டு, அது வால் வீசித் திமிறும்போது கை எடுக்க வேண்டும். வெந்நீர்போலக் கடல் காயும் செப்டம்பரில் சட்டென்று போட்டுவிட்டால் பிழைக்காமல் போகலாம். அந்த வேலைக்கு அப்பாவின் கைகளைவிட நல்ல கைகள் அந்தப் படகில் இருந்திருக்காது. அதை அவரையே செய்யச் சொல்லியிருந்தால் அவர் வேறு மனதோடு வீடு திரும்பியிருப்பார்.

மறுபடி போங்கள். இந்த முறை சுவர்ப் பக்கம் வேண்டாம், உள்ளே கிழக்கு விரிகுடாவுக்குப் போங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் கேப்டனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை வைத்துக்கொள்வோம், எதை விடுவோம், விடுவது யார்? குளிர்காலம் வேண்டாம், வாடை அடித்தால் விரிகுடா வற்றித் தரை தெரியும். வெயில் காலத்து விடியலே நல்லது. ட்ரவுட் இப்போது 15 முதல் 20 அங்குலத்துக்குள், ஆளுக்கு மூன்று. 2021 பிப்ரவரி உறைகுளிரில் டெக்சஸ் கரையில் 38 லட்சம் மீன்கள் செத்தன. அதன் பிறகு வந்த இறுக்கம் இது. பெயர்தான் ட்ரவுட், உண்மையில் அதுவும் ரெட்ஃபிஷ்ஷும் கத்தாளைக் குடும்பம். மண்டையை உடைத்தால் கல் இருக்கும், அப்பா பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடுவார். மூன்று மீன் உங்கள் வீட்டுக் குழம்புக்கு மிஞ்சும்.

தக்கையைச் சுண்டி 'ப்ளக்' என்று சத்தம் எழுப்ப அவருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அதன் கீழே உயிர் இறால் தொங்கும். சிப்பிப் பார்களின் மேல் பறவை கூடுவதைப் பாருங்கள். அடியில் ட்ரவுட் கூட்டம் இரை மேய்ந்தால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வட்டமாக விரியும், காற்றில் தர்பூசணி வாசம் வரும். அந்த நேரத்தில் படகில் யாரும் பேச வேண்டாம். கேப்டன் மூக்கைத் தூக்குமுன் அப்பா கை காட்டிவிடுவார்.